அறுபத்தொரு பேர்

கலைமதியின் போன் ஒரு முறை சிணுங்கி அடங்கியது. ஓடிபி வந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க அண்ணி... ரெண்டு நிமிஷந்தான் டைம்," என்றான் கொழுந்தன் குரு.

அவள் களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"ஏம்மா, காது கேக்குதா இல்லயா? எம்புள்ள பிச்சைக்கு நிக்கற மாதிரி நிக்கறான்!" மாமியார் ராணியம்மாளின் குரல் தெருவரை போயிருக்கும்.

"குடுக்க மாட்டேன் அத்த."

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் இந்த மூன்று சொற்களைச் சொல்ல அவளுக்கு உடம்பில் இருக்கும் தெம்பெல்லாம் வேண்டியிருந்தது.

குரு ஓர் இயந்திரம் செய்திருந்தான். காலால் மிதித்தால் புளியிலிருந்து கொட்டை தனியாக வந்துவிடும். பாப்பாரப்பட்டியில் எத்தனையோ பெண்கள் சுத்தியலால் தட்டித் தட்டி விரல் நசுங்கிக் கிடக்கிறார்கள். கலைமதியும் அவர்களில் ஒருத்தி. நூறு இயந்திரம் செய்யப் பத்து லட்சம் வேண்டும். இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். பிடித்தவர்கள் தங்களால் முடிந்ததைப் போடலாம். நாற்பது நாளில் பத்து லட்சம் சேர்ந்தால் பணம் கைக்கு வரும். சேராவிட்டால் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும். கெடுவுக்கு முன்னால் யாரும் போட்டதை எடுத்துக்கொண்டு விலகவும் செய்யலாம். குருவின் கணக்கு பழைய கடனில் முடங்கிக் கிடந்ததால் பக்கமும் வங்கிக் கணக்கும் கலைமதி பெயரில் இருந்தன. நாலு பேருக்குத் தெரிய வைக்க பெங்களூரில் ஒரு விளம்பர ஏஜென்சியைப் பிடித்து எண்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இப்போது இரண்டாவது தவணை, ஒரு லட்சம். ராணியம்மாள் இரண்டு கறவை மாடுகளை விற்றுக் கலைமதி கணக்கில் போட்ட காசு; அதை அனுப்ப அவள் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும்.

"நான் பால் ஊத்தி வளத்த மாடு... அத வித்துக் குடுத்தேன்! அவன் தலையெடுத்தா ஒனக்கு என்ன வயித்தெரிச்சல்?" ராணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒம் புருசன் லோடு வண்டி ஓட்டறான், அவந்தம்பி மட்டும் மொதலாளி ஆயிருவானான்னு நெனப்பு!"

"அம்மா, விடுங்க..." என்றான் மாதேஷ். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "சொல்லித் தொலையேன் கலை. தெனமும் இதே ரோதனை," என்றான்.

அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'ஏன் மாட்டேங்கற?' என்று கேட்டிருந்தால்? கேட்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தது. குரு தன் அறைக்குப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் பயந்தாள். மாமியாரின் பேச்சுக்கு அல்ல.

வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களை மறுநாள் கூப்பிட்டு, 'நல்லபடியா வூடு போய்ச் சேந்தீங்களா?' என்று விசாரிப்பது கலைமதியின் பிறந்த வீட்டுப் பழக்கம். பணம் போட்ட முகம் தெரியாதவர்களையும் அவள் அப்படியே நினைத்தாள். இணையப் பக்கம் திறந்த புதிதில், புளி தட்டி முடித்த மத்தியானங்களில், அதில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். திருப்பூரில் ஒரு டீச்சர். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு நர்ஸ். அந்த நர்ஸின் அம்மாவும் புளி தட்டியே அவளைப் படிக்க வைத்தவளாம். சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல் இருந்தது.

ஆனால் பல எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் எடுத்ததும் வைத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் சிரித்தான்.

"அக்கா, நாங்க ஏஜென்சி ஆளுங்கக்கா. கூட்டம் இருக்கற மாதிரி காட்டணும்ல? கடைசி நாள் போட்ட காசயெல்லாம் திருப்பி எடுத்துருவோம். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

குருவிடம் சொல்லத்தான் ஓடினாள். அவன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். ஓசூரில் வேலை போனபின் எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காதவன். அன்று போனைக் காட்டி, "நூத்தம்பது பேரு ஆயிருச்சு அண்ணி!" என்றான். "இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா?"

அவள் சோறு போட்டாள்.

சொன்னால் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். சொல்லாமல் பணத்தை அனுப்பினால் மாட்டுக் காசும் போய், ஏமாந்ததும் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு மிஞ்சியது கெட்ட பெயர் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டாள். அது இத்தனை கனமாக இருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

நாற்பதாவது நாள். பகல் பன்னிரண்டு மணியோடு கெடு. பதினொன்றரைக்கு குருவின் அறையிலிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல்.

இருநூற்றுப் பதினாலு பேர் இருந்த இடத்தில் அறுபத்தொரு பேர் இருந்தார்கள்.

"நாசமாப் போச்சே!" ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீதான்டீ... அந்தக் காசக் குடுத்திருந்தா இப்படி ஆவுமா? எம்புள்ள குடிய கெடுத்துட்டியே, பாவி!"

கலைமதி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, சும்மா இருங்க!" குரு திரையையே பார்த்தபடி இருந்தான். "நூத்தம்பத்தி மூணு பேரு... அஞ்சு நிமிஷத்துல... எல்லாருக்கும் ஒண்ணா மனசு மாறுமா?" விலகிய எண்களில் ஒன்றைக் கூப்பிட்டான். உபயோகத்தில் இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. நான்காவதில் யாரோ எடுத்தார்கள். "பேமெண்ட் வரல சார், அதான் எடுத்துட்டோம்... எப்படியும் எடுக்கறதுதான்," என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

குரு மெதுவாகத் திரும்பினான். "அண்ணி... ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

"நூத்தம்பது பேரு ஆச்சுன்னு சொன்னியே... அன்னைக்கு."

"ஏன் அண்ணி சொல்லல? இத்தன பேச்சு வாங்கிட்டு..."

"அன்னைக்கு நீ ரெண்டாவது தடவ சோறு கேட்ட, குரு."

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். ராணியம்மாள் தடுமாறி வந்து மருமகளின் இரு கைகளையும் பிடித்தாள்.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, கண்ணு... என்னென்ன பேசிட்டேன்..."

"சொல்லியிருந்தா அன்னைக்கே அவங்கிட்ட சொல்லியிருப்பீங்க அத்த."

ராணியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இந்தக் கணத்தை எத்தனையோ நாள் மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள் கலைமதி. அதில் அவளும் அழுவாள், பதிலுக்குக் கேட்பாள். இப்போது மாமியாரின் பாரமும் சேர்ந்து முழங்கால் வலித்தது. அவ்வளவுதான்.

"இந்த அறுபத்தொரு பேரு?" என்றான் குரு.

"அவங்க நெசம். எல்லார்கிட்டயும் பேசியிருக்கேன். மிஷின் எப்ப வரும்னு கேக்கறாங்க."

"காசு திரும்பிப் போயிருமே அண்ணி..."

"காசு போவும். அவங்க எங்க போறாங்க?" "நான் கொஞ்ச நேரம் படுத்துக்கறேன், அத்த."

பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் அவள் படுத்தது கிடையாது. ராணியம்மாள் ஓடிப் போய்ப் பாயை விரித்தாள். கண்ணை மூடியபோது அடுத்த அறையிலிருந்து குருவின் குரல் வந்தது. சற்று முன் கோபத்தில் கூப்பிட்டதை விட்டால், முகம் தெரியாத ஒருவரிடம் அவன் பேசி வெகு காலம் ஆகியிருந்தது.

"வணக்கங்க... பாப்பாரப்பட்டியிலருந்து குரு பேசறனுங்க... புளி மிஷின்... இல்லீங்க, காசு கேக்க இல்லீங்க..."

குரல் நின்றது, மறுபடி தொடர்ந்தது. முழுக்கக் கேட்கவேண்டும் என்றுதான் கலைமதி நினைத்தாள். அவன் இரண்டாவது ஆளைக் கூப்பிடுவதற்குள் தூங்கிப்போனாள்.