தாங்கியின் வாக்குமூலம்

திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பொங்கியண்ணனின் சிறுநீர்த்தடத் தாங்கியிடம் நலம் விசாரிப்பார்கள். பொங்கியண்ணனிடம் விசாரிப்பதில்லை. உடலுக்குள் வைத்த கருவிகள் பேசத் தொடங்கிய பிறகு, நோயாளிகளின் வாக்குமூலம் சட்டப்படி செல்லாமல் போயிற்று. நோயாளி மிகைப்படுத்துவான், தாங்கி மிகைப்படுத்தாது.

காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்து, கழுத்தில் தண்டுவடம் நசுங்கியவர் பொங்கியண்ணன். இறுகி மூடிக்கொண்ட சிறுநீர்வழியைத் திறந்து வைக்க அந்தத் தாங்கியை, அதாவது ஸ்டென்ட்டைப் பொருத்தி இன்றோடு இருபது வருடம். தாங்கியைச் சோதிக்கும் ஆய்வு நூறு பேரோடு தொடங்கியது. தாங்கியைக் கழற்றியவர்களின் பெயரையும் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டார்கள். மிச்சம் ஒருவர், வெற்றி நூறு சதவீதம். அதற்காக மாலையில் விருது வாங்கப்போகும் டாக்டர் தணிகைவேலன், காலையிலேயே கோட்டோடு வந்திருந்தார்.

“தலை வெடிக்குதுங்க டாக்டர்,” என்றார் பொங்கியண்ணன். முகம் சிவந்து வியர்வை கொட்டியது.

“நேத்திருந்து ஒரு சொட்டு மூத்திரம் வரலீங்க,” என்றாள் மனைவி சாமியாத்தாள். “அடைச்சா இவருக்குப் பிரசரு ஏறுமுங்க. அந்தக் கருமத்தைக் கழட்டிப்போடுங்க.”

“கழுத்துக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது, அடைப்பு இவனுக்கு எப்படிம்மா தெரியும்? தலைவலி வேற டிபார்ட்மெண்ட்.” டாக்டர் அடிவயிற்றை நோக்கிக் குனிந்து, குரலைக் குழைத்தார். “ஐயா, நீங்க எப்படி இருக்கீங்க?”

“திறந்திருக்கிறேன். விட்டம் குறையவில்லை,” என்றது தாங்கி.

அது பொய் சொல்லவில்லை. அடைத்த கல் இருந்தது ஒரு விரற்கடை மேலே, சிறுநீர்ப்பையின் வாயில். அதைப் பற்றி யாரும் அதனிடம் கேட்கவில்லை.

“கதவு தொறந்திருந்தாப் போதுங்களா?” என்றாள் சாமியாத்தாள். “முன்னால பாறாங்கல்லு கெடந்தா? ஒரு டியூப்பாவது உட்டு எடுங்க.”

“ஐயாவுக்குள்ள டியூப் விட்டா ஆய்வு கெட்டுடும். நாளைக்குப் பாக்கலாம்.”

“எம்பொண்டாட்டி கூடப் பத்து மாசந்தாங்க சொமந்தா,” என்றார் பொங்கியண்ணன். “நான் இருபது வருசம். ஒருக்காலும் என்னையக் கேக்கலியே நீங்க?”

“சும்மா இருப்பா. அவர் பேசிட்டிருக்கார்.”

பிற்பகலில் அழுத்தம் ஏறி, மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துப் பொங்கியண்ணன் இறந்தார். விருது வாங்கி, கழுத்தில் மாலையோடு திரும்பிய டாக்டர், உடலைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னார். தாங்கி செயலிழக்கும்வரை அது இருக்குமிடத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. இறப்பைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

“இப்பவாச்சும் கழட்டிருங்க சாமி. கொண்டுபோய் அடக்கம் பண்ணிக்கறேன்.”

“நல்லா இருக்கிறவரை எப்படிம்மா கழட்டறது? அடைச்சதும் சொல்லி அனுப்பறோம்.”

“எப்பங்க அடைக்கும்?”

டாக்டரின் முகத்தில் இருபது வருடப் பெருமிதம் மலர்ந்தது.

“அடைக்கவே அடைக்காதும்மா.”