கொடிக்கல்

அருண் ஜோசப் அன்றைக்கு வேலைக்கே வந்திருக்க வேண்டாம். மனைவி வின்சி நிறைமாதமாகச் செக்காலையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். தலைப்பிரசவம். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் கிளம்பினான். அரை நாள் வேலைதானே. சாக்கோட்டைப் பக்கம் ஒரு காட்டை அளந்து, மனைகளுக்கு இரும்பு முளை அடித்துவிட்டால் முடிந்தது.

பெரிய காடு ஒன்றுமில்லை. ஆறேழு ஏக்கரில் வீரை மரங்களும் உலக்கைப்பாலை மரங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அதற்குள்ளேயே பாட்டன் பூட்டன் காலமாகக் கிழங்கு அகழ்ந்து, தேன் எடுத்துப் பிழைத்த முப்பது குடும்பங்களைப் பட்டா இல்லை என்று சொல்லி ரோட்டோரத் தொகுப்பு வீடுகளுக்குத் தள்ளி இரண்டு வருஷமாயிற்று. போன மாதம் கம்பிவேலியும் போட்டாயிற்று. இனி காட்டுக்கு ஆளில்லை என்று மனை விற்கிறவர்கள் நினைத்தார்கள். அருணும் அப்படித்தான் நினைத்தான்.

வேலிக்கு வெளியே கருப்பி நின்றிருந்தாள். அந்தக் குடும்பங்களில் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும். உள்ளே நிற்கிற கற்களைத் தொடவேண்டாம் என்றாள். அங்கே பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் தொப்புள்கொடியையும் கலயத்தில் வைத்துப் புதைத்து, மேலே ஒரு கல் நடுவார்களாம். அதற்குக் கொடிக்கல் என்று பேர். நட்ட பிறகு அந்தப் பிள்ளை காட்டின் பிள்ளை.

“உள்ள இருந்து ஒரு சுள்ளியக்கூட எடுத்துட்டு வந்துறாதீக சார். காட்டோடது காட்ட விட்டுப் போகாது.”

நீங்கள் மட்டும் எப்படிப் போனீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான் அருண்.

“நாங்க எங்க போனோம்? படுக்குறதுதான் அங்குட்டு,” என்றாள்.

பதினொன்றரைக்கு இடைஞ்சல் வந்தது. மூலை முளை விழவேண்டிய இடத்தில் ஒரு கொடிக்கல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அரையடி தள்ளி அடித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் அளவில் ஒரு விரற்கடை பிசகினாலும் அவனுக்குச் சோறு இறங்காது. கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் புரட்டினான். அடியிலிருந்த கலயம் உடைந்தது. உள்ளே சுருண்டு காய்ந்து ஏதோ கிடந்தது. இன்னதென்று தெரிந்தேதான் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு முளையை அடித்தான் பாவி.

குருவிச் சத்தம் நின்றது.

காற்றும் நின்றது. எங்கிருந்தோ ஒரு வாசம் வந்தது. சுட்ட வசம்பும் சாம்பிராணியும் கலந்த, பிள்ளை பெற்ற வீட்டு வாசம். அந்தக் காட்டில் அடுப்பெரிந்தே வருஷம் இரண்டு ஆகிறது.

போன் அடித்தது. மாமியார் இன்பமேரி.

“மாப்பிள்ளை, எங்க இருக்கீக? புள்ளைக்குத் துடிப்பு குறையுதாம். கையெழுத்துப் போடணும், வெரசா வாங்க.”

சாமான்களை அப்படியே போட்டுவிட்டு நடந்தான். மரங்களுக்கு நடுவே வேலி தெரிந்தது. வேலிக்கு அப்பால் கருப்பியின் சிவப்புச் சேலை தெரிந்தது. நாற்பது தப்படி இருக்கும். நாற்பது தப்படி நடந்தான். வேலி இன்னும் நாற்பது தப்படி தள்ளி இருந்தது.

ஓடினான். மூச்சு முட்டி நின்று கீழே பார்த்தான்.

காலடியில் அவன் அடித்த இரும்பு முளை.

சட்டையில் ஒட்டியிருந்த இலையைப் பிய்த்துப் போட்டான். ஷூவைக் கழற்றி எறிந்தான். தோள்பையைக் கவிழ்த்து உதறினான். மறுபடி ஓடினான். மறுபடி அதே முளை. கருப்பியைக் கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. மாதாவைக் கூப்பிட்டான். முளையைப் பிடுங்கிவிட்டு அந்தக் கல்லைப் பழைய குழியிலேயே நிறுத்தினான். கையை எடுத்ததும் சாய்ந்தது. மண்ணை அணைத்து நிறுத்தினான். மறுபடி சாய்ந்தது. அடியில் இருக்கவேண்டியது இல்லையே, எப்படி நிற்கும்?

பின்கழுத்தில் மூச்சுப் பட்டது.

“எம்புள்ள எங்க?”

திரும்பினான். யாருமில்லை. வசம்பு வாசம் மட்டும் நெருங்கி வந்திருந்தது. குப்புற விழுந்து சருகை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தேடினான். கலயத்து ஓடுகள் கிடைத்தன. அது கிடைக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இன்பமேரி அழுதாள்.

“துடிப்பே கேக்கலையாம் மாப்பிள்ளை.”

நெற்றியை அந்த மண்ணில் வைத்தான்.

“எம்புள்ளைய உங்க புள்ளையா வச்சுக்கங்க,” என்றான். “உசுர மட்டும் விட்டுருங்க.”

கல் நின்றது.

எழுந்து ஓரடி வைத்தான். வேலிக்கம்பி மார்பில் இடித்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. கர்த்தர் காப்பாற்றினார் என்றாள் இன்பமேரி. வெயிலில் பித்தம் ஏறியிருக்கும் என்று அருண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வரைபடத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டான்.

ஏழாம் நாள் குழந்தையின் கொடி உதிர்ந்தது. உதிர்ந்த கொடியைக் காணோம். துணி, தொட்டில், கட்டிலடி எல்லாம் தேடிவிட்டு, எலி இழுத்துப் போயிருக்கும் என்றாள் இன்பமேரி. இந்த ஊர்ப்பக்கமே இருக்கவேண்டாம், திருச்சியில் உங்கள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அருண் மாமியாரை அவசரப்படுத்தினான்.

பத்தாம் நாள் காலையில் காரில் கிளம்பினார்கள். வெளிச்சமான பகல், வழக்கமான திருச்சி ரோடு. ஊரைத் தாண்டிக் கால்மணி நேரத்தில் இடதுபக்கம் ஒரு கம்பிவேலி வந்தது. உள்ளே வீரையும் பாலையும். அந்தக் காடு இந்த ரோட்டிலேயே கிடையாது. அருண் கண்ணை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் சதீஷ்குமார் வேகத்தைக் குறைத்தான்.

“சார், திரும்பவே இல்ல. நேராத்தான் வாறேன். இந்த வேலி மூணாவது தடவையா வருது.”

வேலிக்குள்ளே முழங்கால் உயரக் கல் ஒன்று மஞ்சள் பூசி நின்றது. அதன் அடியில் மண் புதிதாக இருந்தது.

பின்சீட்டில் இன்பமேரி குழந்தையை முகர்ந்து பார்த்தாள்.

“யாரு புள்ளைக்கு வசம்பு உரசி வச்சது?” என்று கேட்டாள்.

வின்சி இல்லையென்று தலையாட்டினாள். சதீஷ்குமார் வண்டியை விரட்டினான். குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நான்காவது தடவையாக வேலி வந்தது.