பதினெட்டு ராத்தல் விமானம்

1974 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை. காலை மணி 7.10.

எஞ்சினியர் வோங் திருகாணிகளைக் கழற்றி, பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த துணிப் பொட்டலத்தை அவிழ்த்தார். விமானத்தைக் காணோம். அதன் இடத்தில் ஒரு ரப்பர் கட்டி கிடந்தது.

விமானம் என்றால் ஏறிப் பறக்கிற விமானம் இல்லை, இரண்டடி நீளத்தில் மரத்தில் இழைத்த மாதிரி. மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே, மூடிப்போன ஹைகேட் ரப்பர் தோட்டத்தை வாங்கி, செலாடாங் கம்பெனி அங்கே பெரிய மனிதர்களுக்கான குட்டி ஜெட் விமானங்களை வடிவமைத்தது. முதல் செலாடாங் விமானத்தில் ஆறு பேர் போகலாம். உடம்பைக் கொஞ்சம் நீட்டி, எட்டுப் பேருக்கு இரண்டாவதைச் செய்தார்கள். இரண்டும் பறந்துகொண்டிருந்தன. மூன்றாவதற்கு இறக்கையே புதுசு. சின்ன ஓடுபாதையில் இறங்கும், நிற்காமல் தூரமும் போகும். அந்த இறக்கையின் வளைவு போட்டிக் கம்பெனி கையில் சிக்கினால் மூன்று வருட உழைப்பும் அம்போ. இன்று பகல் விமானத்தில் அதன் மர மாதிரி, காற்றுச் சோதனைக்காக இங்கிலாந்து போக வேண்டியது.

மணி 7.30. வோங் இரண்டு இடங்களுக்கு டெலிபோன் செய்தார். ஒன்று போலீசுக்கு. இன்னொன்று யாருக்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மணி 8.15. துப்பறியும் சார்ஜன் வீரம்மா ஜீப்பிலிருந்து இறங்கினாள். வோங் அவளைத் தாண்டி, பின்னால் யாராவது அதிகாரி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். ஒரு கான்ஸ்டபிள்தான் வந்தான். வீரம்மாவுக்கு இது பழகிப்போன விஷயம். பாகான் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் பத்து வயதிலேயே அம்மாவோடு ரப்பர்ப் பால்வாளி தூக்கியவள் அவள். சின்ன அவமானங்களுக்கெல்லாம் முகத்தைச் சுளிப்பதில்லை.

மாதிரி அறை, முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைத்த கட்டடம். ஜன்னல் கம்பிகள் அசையவில்லை, பூட்டிலும் கீறல் இல்லை. சாவி ஒன்றுதான். அது ஸ்டோர் காவலர் சூசைநாதன் இடுப்பில் இருந்தது.

"நேற்று சாயங்காலம் ஐந்து மணிவரை பெட்டிக்குள் விமானம் இருந்திருக்கிறது" என்றார் வோங். "தினமும் ஐந்து மணிக்கு இவர் பெட்டியை எடை போடுகிறார். நேற்றும் சரியாக இருந்தது என்று இவரே சொல்கிறார். அதற்குப் பிறகு சாவி வைத்திருந்தது யார்? இவர்தான். இதில் துப்பறிய என்ன இருக்கிறது?"

சூசைநாதனுக்கு வயது ஐம்பத்திரண்டு. வீரம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எடை போடச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. முப்பது வருஷம் ரப்பர்ப் பால் ஸ்டோர்ல நின்னவன். வாளி வந்தா நிறுக்கணும், கதவுல எழுதணும். கை சும்மா இருக்க மாட்டேங்குது. விமானம், துணி, பெட்டி எல்லாம் சேர்த்துத்தான் நிறுப்பேன்."

"நேத்து சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சி."

"உங்க ஐசி?"

அவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். சிவப்பு அட்டை. நீலம் குடிமக்களுக்கு; இவர் குடியுரிமை இல்லாதவர், வருடாவருடம் வேலை பெர்மிட்டில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

"பொறந்தது சிலிம் ரிவர்லதான் சார்ஜன். பேப்பர் இல்ல. பெர்மிட் அடுத்த மாசம் முடியுது. திருட்டுக் கேசுன்னு பேர் வந்தா இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க. அங்க எனக்கு யாரையும் தெரியாது. பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் நீல ஐசி, இங்கதான் இருப்பாங்க."

கண்ணைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வீரம்மாவுக்கு இரக்கமாக இருந்தது. ஆனாலும் நல்ல மனிதர்கள் திருடியதையும் அவள் பார்த்திருக்கிறாள். யாரையும் நம்புவதாக இல்லை.

கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் எழுதியிருந்தது, ராத்தலும் அவுன்சுமாக. போன திங்கள் 18-4. செவ்வாய் 18-4. புதன் 18-4. வியாழன் 18-4. வெள்ளி 18-4. சனி 17-13. ஞாயிறு 17-7. நேற்று 17-2.

வீரம்மா அதைப் படித்துவிட்டுப் பெட்டி இருந்த மரத்தட்டுக்குக் கீழே குனிந்தாள். பெட்டியின் அடிப்பலகையில் காற்றுக்காக ஓட்டைகள் இருந்தன. அதற்கு நேர் கீழே பழைய காலத்துச் சின்னக் கழிவுநீர்க் காண் ஓடியது. அதில் மஞ்சளாக ஒரு கறை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"இங்கே எப்போதும் ரப்பர் வாடைதான்" என்றார் வோங். "நாங்கள் கண்டுகொள்வதே இல்லை."

மணி 9.05. உதவி எஞ்சினியர் ஜெயபாலன் டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வயது முப்பத்தொன்று.

"வெள்ளிக்கிழமை விமானம் யார் கையில இருந்துச்சு?"

"என் கையில. ரெண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் என் அறையில தனியா கடைசியா அளவெடுத்தேன். துணியில சுத்திப் பெட்டியில வச்சேன். நாலு மணிக்குத் தச்சர் பத்துமலை வந்து மூடியைத் திருகினார்."

"அவர் துணியைப் பிரிச்சாரா?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்."

வீரம்மா ரப்பர் கட்டியை மேசைமேல் வைத்தாள். "இதைப் பார்த்தா என்ன தோணுது?"

"ரப்பர். எஸ்டேட் ஆளு வேலை. டவுன்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் எங்க கிடைக்கும்?"

"நீங்க எந்த ஊரு?"

"ஈப்போதான். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தேன்."

மணி 9.40. பத்துமலை வந்தான். விமானத்தை மரத்தில் இழைத்தவன் அவன்தான். அதே கட்டியை அவனிடமும் காட்டி அதே கேள்வியைக் கேட்டாள். அவன் கட்டைவிரலால் அழுத்தினான், ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தான், முகர்ந்தான்.

"வெள்ளிக்கிழமை உறைஞ்ச பால் அக்கா. நாலு நாள் நிழல்லயே கிடந்திருக்கு. இன்னும் தண்ணி விடுது."

வாசலில் நின்ற வோங்கிடம் கான்ஸ்டபிள் மலாயில் விளக்கினான். வோங் முகம் சிவந்தது.

"அப்படியானால் வெள்ளிக்கிழமையே மாற்றியிருக்கிறார்கள். கடைசியாகப் பெட்டியைத் தொட்டவன் இவன். எந்த நாள் என்றுகூடச் சரியாகச் சொல்கிறானே."

பத்துமலை எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, நான் துணியைப் பிரிக்கவே இல்ல. சாமி சத்தியமா மூடியைத் திருகினேன், அவ்வளவுதான் லா."

"உக்காருங்க" என்றாள் வீரம்மா. பிறகு கான்ஸ்டபிளைத் தனியாகக் கூப்பிட்டு, காதில் ஒரு விலாசத்தைச் சொல்லி அனுப்பினாள்.

மணி 11.20. நான்கு பேரையும் மாதிரி அறையில் நிற்கவைத்தாள். வோங்குக்காக ஒவ்வொன்றையும் மலாயிலும் சொன்னாள். கட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, சூசைநாதனையே நிறுக்கச் சொன்னாள்.

"பதினாறு ராத்தல் பதினாலு அவுன்சு" என்றார் அவர்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை பதினெட்டே கால் ராத்தல். நேத்து ஒரு ராத்தலுக்கு மேல குறைஞ்சிருக்கு. எங்கிட்ட 'சரியா இருந்துச்சி'ன்னு சொன்னீங்களே, எப்படி?"

சூசைநாதன் புரியாமல் பார்த்தார். "வச்ச பொருள் காயும்தானே சார்ஜன்? பால் ஸ்டோர்ல எது வச்சாலும் மறுநாள் குறையும். குறைஞ்சா கணக்கு எழுதற கிராணிகூட ஏன்னு கேக்க மாட்டாரு. மரமும் காயுதுன்னு நினைச்சேன்."

வோங் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காய்ஞ்ச மரம் ஒரே நாள்ல ஏழு அவுன்சு குறையாது. தோட்டத்துக் கண்ணுக்கு அது தப்பாப் படல, அவ்வளவுதான்" என்றாள் வீரம்மா. "ஆனா அவர் பொய் எழுதல. திருடினவரா இருந்தா தினமும் 18-4னு எழுதிட்டுப் போயிருப்பார். உண்மையான எடையை எழுதினதால நமக்கு நாள் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு முன்னாடியே பெட்டியில இருந்தது இந்தக் கட்டிதான். தண்ணி ஓட்டை வழியா காணுல வடிஞ்சிருக்கு. கறை பழைய புகை வாடை அடிக்கல, புளிச்ச பால் வாடை அடிக்குது."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். தச்சன்" என்றார் வோங்.

வீரம்மா திரும்பினாள். "பத்துமலை தம்பி, பெட்டியோட சேர்த்துப் பதினெட்டே கால் ராத்தலுக்குச் சரியா, நாள்கணக்கா எடை மாறாம ரப்பர் வைக்கணும்னா எதை வைப்பீங்க?"

"காய்ஞ்ச ஷீட்டுதான். பச்சைக் கட்டியை எவன் வைப்பான்? எடை நிக்காதே."

"சூசைநாதன் அண்ணே, நீங்க?"

"ஷீட்டுதான்."

"தோட்டத்துல ரெண்டு நாள் இருந்த புள்ளைகூட அதைத்தான் சொல்லும். இந்தக் கட்டியை வச்சவருக்கு ரப்பர்னா ரப்பர்தான். கதவுல எழுதியிருந்த எடையைப் பார்த்து, ரோட்டோரம் எங்கயோ வாங்கின பச்சைக் கட்டியைக் கச்சிதமா வெட்டி வச்சார். பழி தோட்டத்து ஆளுங்க மேல விழணும்னுதான் ரப்பரைத் தேர்ந்தெடுத்தார். அதுவே அவரைக் காட்டிக் கொடுத்துருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுக்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் தொட்டது ரெண்டே பேர். அதுல ரப்பரைப் பத்தி ஒண்ணும் தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான், ஜெயபாலன்."

ஜெயபாலன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேசை டெலிபோன் அடித்தது. கான்ஸ்டபிள்தான். விமானம் ஜெயபாலன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், சிங்கப்பூர் விலாசம் எழுதிய பார்சலுக்குள் இருந்தது.

"அந்த இறக்கை நான் வரைஞ்சது" என்றான் அவன், வோங்கைப் பார்த்து. "ஒரு வருஷம் ராப்பகலா வரைஞ்சேன். படத்துல உங்க பேரு. சிங்கப்பூர்க் கம்பெனியில என் பேரைப் போடறோம்னு சொன்னாங்க."

அதில் உண்மை இருந்திருக்கலாம். வோங் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கு சூசைநாதன் அண்ணன் என்ன பண்ணுனாரு?" என்று கேட்டாள் வீரம்மா.

"சிவப்பு ஐசிதானே. இன்னைக்கு இல்லாட்டி அடுத்த வருஷம் போகப் போறவர்."

வீரம்மாவுக்கு அவனை ஓர் அறை அறையலாம் போல இருந்தது. விலங்கை மட்டும் மாட்டினாள். பிறகு வோங் பக்கம் திரும்பினாள்.

"காலையில ரெண்டாவது போன் யாருக்கு?"

வோங் தயங்கினார். "பெர்மிட் ஆபீசுக்கு. சூசைநாதனுக்கு இனிமேல் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன்."

"இப்ப இவர் முன்னாடி மறுபடி பேசுங்க. போடுவேன்னு சொல்லுங்க. எழுத்தா கொடுக்கறதையும் நான் வாங்கிட்டுத்தான் போவேன்."

வோங் பேசினார். பேசி முடித்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார்.

மணி 12.05. சூசைநாதன் வாசல் கேட்டுக்கு வந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த மனைவி ரோசம்மா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பெரிய துணிமூட்டை.

"என்ன இது?"

"உங்க சட்டை, சாரோங், ஜெபமாலை, எல்லாந்தான். கொண்டு போறது லாக்கப்புக்கா கப்பலுக்கான்னு யாரும் சொல்லல. அதான் இருக்கறதை எல்லாம் கட்டிட்டேன்."

அவர் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அவள் நம்பவில்லை. ஜீப்பில் யார் ஏறுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.