சோற்றுக்கு முன் ஓர் இறக்கம்

அந்தி மணி அடித்துவிட்டால் கப்பலில் எந்த வீட்டிலும் தட்டைத் தொட மாட்டார்கள். முதலில் இறக்கம், பிறகுதான் சோறு. கூடத்து மூலையிலிருக்கும் பறப்புமேடையில் வீட்டுக்கு ஒருவராவது ஏறி உட்கார்ந்து, மேகத்துக்குள் புகுந்து, ஓடுதளத்தில் சக்கரத்தைத் தொடவைத்து, திரையில் மதிப்பெண் வந்த பிறகே பரிமாறுவார்கள். வயதானவர்கள் அதை இன்னும் சிமுலேட்டர் என்பார்கள். இளசுகளுக்கு அது வெறும் மேடை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட நகையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பெண்ணின் சராசரி மதிப்பெண் என்ன, காற்று குறுக்கே அடித்தால் எப்படி இறக்குவாள் என்றுதான் விசாரிப்பார்கள்.

அமலோற்பவத்தின் வீட்டில் மட்டும் மூன்று வாரமாக இறக்கம் இல்லை. அவள்தான் மூன்றாம் தளத்தின் மேடை பழுதுபார்ப்பவள் என்பதால் அக்கம்பக்கத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். எதிர்வீட்டு பிலோமினா, இன்றைக்காவது தரை தட்டுப்பட்டதா என்று தினமும் அக்கறையாகக் கேட்பாள். அந்த அக்கறையைக் கேட்டு அமலோற்பவத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழு தலைமுறைக்கு முன்னால் தென்கடலோரத்துக் குடும்பங்கள் சில ஏறிவந்த கப்பல் அது. கடல் ஊருக்குள் வந்தது, ஊர் வானத்துக்குப் போனது என்று அந்தக் கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். போய்ச்சேர வேண்டிய கோளுக்கு அவர்கள் வைத்த பெயர் கரை. கரையை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அதன் மேகம் தரைவரை தொங்குகிறது. ஆட்களுக்கு முன்னால் போன எந்திரங்கள் அங்கே ஓர் ஓடுதளம் போட்டு, அதன் முனையில் கதிர்க்கம்பம் ஒன்றை நட்டிருந்தன. பூமியில் ஐ.எல்.எஸ். என்றார்களே, அதே பழைய ஏற்பாடுதான். ஒரு கதிர் இடம் வலம் சொல்லும், இன்னொன்று மேல் கீழ் சொல்லும். கருவியில் இரண்டு ஊசிகளும் நடுவில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் அங்கே ஒன்றும் தெரியப்போவதில்லை.

அந்தக் கதிரைக் கப்பல் வாங்கி வீடுவீடாகப் பகிர்ந்து கொடுத்தது. ஆகவே அந்திக்கு அந்தி நடப்பது விளையாட்டில்லை, நிஜக் கதிரின் மேல் நிஜமான பழக்கம் என்பது எல்லோருடைய நம்பிக்கை. என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒரு தலைமுறை இறங்கித்தானே ஆகவேண்டும்? அந்தத் தலைமுறையாகப் புளோராவின் தலைமுறை அமைந்தது. முதல் படகில் போக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அமலோற்பவத்தின் ஒரே மகள் புளோரா அதில் ஒருத்தி, படகை ஓட்டப்போகிறவளும் அவளே. அவளுடைய மதிப்பெண்ணை எட்டிப்பிடிக்கக் கப்பலில் ஆளில்லை.

கிளம்புவதற்கு முந்தைய அந்தியில் வீட்டில் கடைசியாக ஒரு முறை இறக்கிவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று புளோரா மேடையில் ஏறினாள். வரைபடத்தைப் பார்த்துப் பறப்பதை விட்டுக் கதிருக்கு மாறிய கணத்தில் இரண்டு ஊசிகளும் செத்து விழுந்தன. கருவியின் முகத்தில் சிவப்புப் பட்டை வந்து நின்றது. கதிர் இல்லை என்று அர்த்தம். அவள் விட்டுவிடாமல் ஊகத்திலேயே இறக்கிப் பார்த்தாள். ஓடுதளத்துக்கு வெகுதூரம் இடப்புறத்தில், சேற்றில் போய் மோதி நின்றது மேடை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

“என் கைலதாம்மா ஏதோ கோளாறு,” என்றாள் பிறகு, தாயிடம் மட்டும்.

“கை நல்லாத்தான் இருக்குட்டி. மேடைதான் மக்கர் பண்ணுது. நீ கரைக்குப் போய்ச் சேருமுன்ன சரி பண்ணிட்டு உனக்குச் சொல்லுதேன்.”

சொன்ன சொல்லுக்காகத்தான் இந்த மூன்று வாரப் பாடு. தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு பெண் அந்த மேகத்துக்குள் இறங்கக் கூடாது. அமலோற்பவத்துக்கு வேறு எந்தக் கவலையும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

முதலில் அலைவரிசையைப் பார்த்தாள். ஒரு புள்ளி தள்ளி வைத்துவிட்டு மேடையைத் திட்டுகிறவர்கள்தான் ஊரில் பாதிப்பேர். அது சரியாக இருந்தது. ஓடுதளத்தின் திசை எண் சரி. வரைபடத்திலிருந்து கதிருக்கு மாற்றும் பொத்தான் சரி. அதை அமுக்க மறந்துவிட்டு அவளை அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பியவர்கள் தளம் முழுக்க இருக்கிறார்கள். மேல் கீழ் சொல்லும் கதிரின் சரிவை மேலிருந்து பிடிக்கப் போனால் பொய்ச்சரிவு சிக்கும் என்பதால் தாழப் பறந்து கீழிருந்து பிடித்துப் பார்த்தாள். அகலமாக வளைந்து வந்து பார்த்தாள். எப்படி வந்தாலும் சிவப்புப் பட்டை அசையவில்லை.

அவள் கம்பிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கணவன் சவரிமுத்து மெல்ல வாயைத் திறந்தான். நெல்லறையில் வேலை பார்க்கிறவன், மேடை விஷயத்தில் கைநாட்டு. மகளின் கடைசி இறக்கத்தன்று மேடையில் கதிரை வாங்கும் ஏற்பிப்பலகை ஏதோ முனகுவதுபோல் தோன்றியதாம். மனைவி வேலைக்குப் போயிருந்ததால் பண்டகசாலையிலிருந்து பழங்காலப் பலகை ஒன்றை எடுத்துவந்து தானே மாட்டிவிட்டானாம். பிள்ளை நல்ல மேடையில் இறக்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். திட்டுவதற்கு வாயெடுத்த அமலோற்பவம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனாள்.

பழுது பலகையில்தான் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள அதைப் பிலோமினா வீட்டு மேடையில் மாட்டினாள். அங்கேயும் சிவப்பு. அன்று அந்த வீட்டுச் சோறு ஆறிப்போனதில் பிலோமினாவின் அக்கறையும் கொஞ்சம் ஆறியது. வேறு யாராக இருந்தாலும் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். தொழில்காரியின் பிடிவாதம் அவளை விடவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய், சோதனைக் கதிரைச் செலுத்தும் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். இரண்டு ஊசிகளும் எழுந்து நடுவில் வந்து, வைத்த இடத்தில் நின்றன. பலகையில் ஒரு குறையும் இல்லை.

பலகை நல்லது, மேடை நல்லது என்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான். அதை நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நினைக்காமலேயே நடந்து கதிர்ப் பகிர்வு நிலையத்துக்குப் போனாள்.

அங்கே பொறுப்பிலிருந்த ரொசாரியோ அவளோடு சேர்ந்து தொழில் படித்தவன். வயதில் இளையவன் என்பதால் அக்கா என்பான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். கதிரைக் கண்காணிக்கும் நிலையத்துக் கருவியில் இருக்கும் புதுப்பலகையைக் கழற்றிப் பழையதை மாட்டிக் காட்டினால் அக்காவின் மனம் ஆறும் என்று மாட்டினான். அங்கேயும் சிவப்புப் பட்டை வந்து நின்றது. பிறகு அவன் சிரிக்கவில்லை.

புதுப்பலகைகளின் கதையை இருவருமே அறிவார்கள். ஒரு காலத்தில் கதிர் அவ்வப்போது விட்டுவிட்டு வந்தது. அறுந்தபோதெல்லாம் இறக்கம் பாதியில் நிற்கும், பிள்ளைகள் பசியில் அழும், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களின் மதிப்பெண் சரியும். தளத்துக்குத் தளம் ஆட்கள் வந்து நிலையத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அதற்காகச் செய்து வீட்டுக்கு வீடு மாட்டியதுதான் புதுப்பலகை. கதிர் அறுந்தால் அது சும்மா இருக்காது. முன்பு சேமித்துவைத்த கதிரை எடுத்து இடைவெளியை நிரப்பிவிடும். ஒரு நொடி, இரண்டு நொடி இடைவெளிக்கென்று செய்தார்கள். இடைவெளி முடியாமலே போனால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, ஊர் வாயை மூடிக்கொண்டது.

ரொசாரியோ புதுப்பலகையைப் பிரித்து, அது கடைசியாக நிஜக் கதிரைக் கண்ட நாளைப் பார்த்தான்.

“கம்பம் செத்துப்போச்சுக்கா.”

“எப்பத்துலருந்து?”

“நம்ம புளோரா பொறக்குறதுக்கு முன்ன.”

அமலோற்பவம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கப்பலிலேயே சிறந்த மதிப்பெண் வாங்கிய தன் மகள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நிஜக் கதிரின் மேல் இறங்கியதில்லை. அந்த ஒரே ஒரு அந்தியில், சேற்றில் போய் மோதினாளே, அதுதான் அவளுடைய முதல் நிஜமான இறக்கம்.

கப்பல் தலைவரிடம் போனார்கள். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். படகில் இறங்க மட்டும்தான் எரிபொருள். திரும்பி ஏற வேண்டிய எரிபொருளை எந்திரங்கள் கரையில் காய்ச்சி வைத்திருக்க வேண்டும். கம்பமே செத்த இடத்தில் காய்ச்சுவதற்கு எந்திரம் எங்கே இருக்கும்? கப்பலுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. இன்னும் சில மாதங்களில் அதுவும் அதே மேகத்தின் முன்னால் போய் நிற்கும். படகிலிருப்பவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், தெரிந்து என்ன செய்யப்போகிறார்கள் என்றார் அவர். இறங்குவதற்கு முன் வீட்டாரோடு பேசும் நேரம் ஏற்கெனவே குறித்தபடி நடக்கட்டும், அவரவர் தைரியமாகப் பேசி அனுப்புங்கள் என்றார். அவர் குரலும் தைரியமாக இல்லை.

படகு இறங்கவேண்டிய நேரம் அந்தி மணியோடு சேர்ந்து வந்தது. அமலோற்பவம் சொல்லவேண்டிய பொய்யை வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மேடையின் வானொலியில் புளோராவின் குரல் வந்தது. ஒரு பேச்சு போய்ச்சேர்ந்து மறுபேச்சு வர நாலைந்து மூச்சு நேரம் பிடிக்கும்.

“எம்மா, மேடை சரியாயிட்டா?”

“மேடைல ஒரு குத்தமும் இல்லட்டி,” என்றாள் அமலோற்பவம். ஒத்திகை பார்த்த மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள். சவரிமுத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நாலைந்து மூச்சு கழிந்தது.

“அப்ப உனக்கும் தெரிஞ்சுபோச்சு. படகுலயும் சிவப்புதாம்மா. கரை பக்கத்துல வந்ததுலருந்தே. இங்க இருக்கது பழைய பலகை. நாங்க ஆறு பேரும் பேசித்தான் சொல்லாம இருந்தோம். நீங்களாவது நிம்மதியாச் சோறு திங்கட்டும்னு.” சற்று நின்றது குரல். “அன்னைக்கு என் கை தப்பு இல்லைல்ல?”

“இல்லட்டி. உன் கைல தப்பே இல்ல.”

அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. தேற்றுவதற்கென்று கப்பலில் மிஞ்சியிருந்த ஒரே உண்மை அதுதான், அதையும் கொடுத்தாகிவிட்டது.

புளோரா இன்னொன்று கேட்டாள். அவள் சிறுபிள்ளையாக மேடை ஏறிய நாளில் தாய் பக்கத்தில் நின்று உயரத்தைச் சொல்லிக்கொண்டே வருவாள், அதுபோல இப்போது சொல்ல வேண்டுமாம். “புதுப்பலகையை மாட்டிக்கோம்மா. பொய்யா இருந்தாலும் பரவால்ல. நீ இறக்கு. நான் கேட்டுக்கிட்டே வாரேன். நடுவுல நிறுத்தாத.”

முனகியதென்று சவரிமுத்து கழற்றிப்போட்ட புதுப்பலகையை அவள் எப்போதோ சரிசெய்து ஓரமாக வைத்திருந்தாள். சவரிமுத்து எடுத்துக் கொடுத்தான். அவள் மாட்டினாள். சிவப்புப் பட்டை மறைந்தது. இரண்டு ஊசிகளும் எழுந்துவந்து, ஒரு குற்றமும் அறியாததுபோல நடுவில் நின்றன. அமலோற்பவம் மேகத்துக்குள் இறக்க ஆரம்பித்தாள்.

இரண்டாயிரம் அடி என்றாள். சரி என்று வந்தது. ஆயிரத்து ஐந்நூறு என்றாள். சரிம்மா என்று வந்தது, பின்னால் யாரோ ஜெபம் சொல்லும் சத்தமும் சேர்ந்து வந்தது. ஆயிரம் என்றாள். ஊசி எங்கே நிற்கிறது என்று கேட்டாள் மகள். நடுவில் என்றாள் தாய். எண்ணூறு என்றாள். வெளியே தெருவில் மற்ற வீடுகளின் இறக்கம் முடிந்து தட்டு வைக்கும் ஓசை கேட்டது.

ஐந்நூறு என்றாள். நாலைந்து மூச்சு கழிந்தது. இன்னும் நாலைந்து மூச்சும் கழிந்தது. வானொலியில் இரைச்சல் மட்டும் இருந்தது. சவரிமுத்து அவளைப் பார்த்தான், அவள் திரையை விட்டுத் திரும்பவில்லை.

“முந்நூறு,” என்றாள். “நூறு. ஊசி நடுவுலதான் இருக்குட்டி. நடுவுலயே இருக்கு.”