கேட்டால் கொடுக்க ஒரு மிளகு

கிறிஸ்துமஸ் அன்று மாலை மூன்றரை மணிக்கு, வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில், மோய்ரா பென்ஃபோல்டின் வீட்டு நடையில் மிளகு வாசனை அடித்தது. அவள் அன்று தனக்கென்று வேகவைத்தது ஒரு துண்டு வான்கோழியும் நாலு குட்டி முட்டைக்கோசும்தான். இரண்டிலும் மிளகு போடவில்லை. வாசனை கதவுக்கு அடியிலிருந்து, பொதுப் படிக்கட்டுப் பக்கமிருந்து, வெகுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல வறண்ட காரத்தோடு வந்துகொண்டிருந்தது.

ஹேஸ்டிங்ஸ் கடற்கரையை ஒட்டிய அந்தப் பழைய வீட்டைத் தளத்துக்கு ஒரு குடியாகப் பிரித்திருந்தார்கள். தரைத்தளம் அவளுடையது. காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் மண் வேறொருவருடையது, குத்தகைக் காலம் உள்ளவரைதான் வீடு அவளுடையது. அந்தக் காலம் எண்பது ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிப்பதற்கான செலவு எகிறிவிடும், வாங்க வருகிறவனும் ஓடிவிடுவான். அவளுக்கு எண்பதாண்டும் மூன்று மாதமும்தான் பாக்கி. எப்படியாவது நீட்டி, விற்று, லீட்ஸில் மகள் டாம்சின் பக்கத்தில் போய்ப் பேரனைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும். கணவன் செத்தபிறகு அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அப்போது நிலக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ஆண்டு, அடிமாட்டு விலைக்கு. வாடகை, ஆண்டுக்கு ஒரு மிளகு, கிறிஸ்துமஸ் அன்று, கேட்டால் மட்டும். சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து நீட்டுங்கள், இந்தத் தனி ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து எனக்குப் பிடிக்கவில்லை என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பணம் வாங்காத குத்தகைக்கு ஒப்புக்கு ஒரு மிளகு என்று எழுதுவது அந்த நாட்டு வழக்கம். எவனும் வந்து கேட்டதில்லை. அக்டோபரில் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு டப்பா மிளகு வாங்கி வைம்மா, ஆயிரம் வருஷத்துக்குக் காணும்," என்று டாம்சின்கூடப் போனில் கிண்டல் செய்தாள்.

சிரிக்காதவர் முதல்மாடி இன்ஸ்கிப் கிழவர் ஒருவர்தான். மோய்ரா வந்த பதினைந்து ஆண்டில் அவர் வாசலைத் தாண்டிப் பார்த்ததில்லை. மளிகைகூடக் கதவடிக்கே வரும். குத்தகையை நீட்டிவிட்டேன் என்று அவள் சொல்லப் போனபோது சங்கிலி போட்ட கதவிடுக்கில் வந்து நின்றார்.

"ஏம்மா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கிழவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதன் தாழ்ப்பாளை மத்தியானம் அவளே போட்டிருந்தாள். காலடிகள் உள்ளே வந்தன. இந்தக் காலடி அவளுக்குப் பழக்கமானதுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மாலையும் அவள் கதவைக் கடந்து, படியேறி, மேலே ஒவ்வொரு கதவையும் ஒருமுறை தட்டிவிட்டுப் போகும். யாரோ மேல்வீட்டுச் சொந்தக்காரர் என்று இருந்துவிட்டாள்.

இந்த முறை கடக்கவில்லை.

அவள் கதவுக்கு முன்னால் நின்றது. ஒரு தட்டு.

கதவில் இருந்த தபால் துளையின் பித்தளை மூடி மெல்ல உயர்ந்தது. ஒரு கை உள்ளே வந்தது. சாம்பல் நிறம். சுத்தமான நகங்கள். உள்ளங்கை மேலே பார்த்திருக்க, அவசரமே இல்லாமல் காத்திருந்தது.

"வாடகைங்க, மிஸஸ் பென்ஃபோல்ட்," என்றது குரல். நல்ல மரியாதையான குரல்.

அவள் சமையலறைக்கு ஓடினாள். டப்பாவில் இருந்தது பொடி. வெறும் பொடி. மிளகு அரைக்கும் மரக்குழலைக் கவிழ்த்துத் தட்டினாள். தூள். மறுபடி தட்டினாள். உடையாத ஒரே ஒரு மிளகு மேசையில் உருண்டது. அதை எடுத்துவந்து, தொடாமல், அந்தக் கையில் போட்டாள்.

கை மூடிக்கொண்டது.

"நன்றிங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

போய்த் தொலைந்தது என்ற நிம்மதியில் அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன். வித்துட்டு மக வீட்டுக்குப் போறேன்."

"வீட்டைத் தாராளமா வித்துக்கோங்க," என்றது குரல். "ஏழாவது ஷரத்தை மட்டும் ஒருதடவ படிச்சிருங்க."

மூடி விழுந்தது. காலடிகள் படியேறின. இழுப்பறையிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பிரித்தாள். ஏழாவது ஷரத்து இரண்டே வரி. வீடு யார் கைக்கு மாறினாலும், குத்தகைக் காலம் தீரும்வரை, கையெழுத்திட்டவர் இந்த வாசலை விட்டு நீங்காமல், ஆண்டுதோறும் தம் கையாலேயே மிளகைக் கொடுக்கக் கடவர்.

தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது பாக்கி.

மேலே ஒரு தட்டுக் கேட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்து கைப்பிடிச் சட்டத்தின் இடைவெளியில் அண்ணாந்து பார்த்தாள். கறுப்புக் கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது. அதன்முன் இன்ஸ்கிப்பின் தபால் துளையிலிருந்து நீலக் கம்பளிச் சட்டைக் கை ஒன்று வெளியே நீண்டிருந்தது. விரல்நுனியில் ஒரு மிளகு.

கோட்டு அதை வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு மாடி ஏறியது. இரண்டாம் மாடி, அவள் வருவதற்கு முன்பிருந்தே பூட்டிக்கிடந்த வீடு.

ஒரு தட்டு.

அவளுக்குப் பின்னால், நடையில் டெலிபோன் அடித்தது. டாம்சினாகத்தான் இருக்கும். எடுக்க ஓட நினைத்தாள். ஆனால் வாசலிலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே பித்தளை மூடி உயர்ந்தது. உள்ளிருந்து வெறும் எலும்பாக ஒரு கை நீண்டு, இரண்டு விரலெலும்புக்கு நடுவே பிடித்திருந்த மிளகை, கீழே விழுந்துவிடாமல், மிகக் கவனமாக, அந்தச் சாம்பல் உள்ளங்கையில் வைத்தது.