ஐம்பத்தெட்டு மீட்டர் வெளி

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பின்கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். பேட்டரி, டயர், பெயின்ட் எல்லாம் பிறகு. கண்ணாடியின் வலது மூலையில் பச்சை நிறத்தில் ஓர் எண் இருக்கும். இரண்டு, மூன்று என்றிருந்தால் விலை கேட்கவே யோசிக்க வேண்டும். பதினைந்து, இருபது என்றால் பேரம் பேசலாம். துடியலூர் வண்டிச் சந்தையின் கடைசி வரிசையில் நின்ற சாம்பல் நிற வண்டியின் கண்ணாடியில் ஐம்பத்தெட்டு என்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

தவமணி நின்றாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. அன்னூர் தடத்தில் முப்பத்தொரு வீடுகள். அடுத்த மாதத்திலிருந்து சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் தடம் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. இந்தத் தடம் கைவிட்டுப் போனால் இன்னொன்று கிடைக்க ஒரு வருடமாவது ஆகும். அவள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

அந்த எண் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது பெருஞ்சாலையில் வண்டிகள் தனித்தனியாக ஓடுவதில்லை, சரமாக ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியும் தன் வேகத்தையும் பிரேக் அழுத்தத்தையும் நொடிக்கு நூறு முறை சாலைவலைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முன்வண்டி பிரேக் போடும் அதே கணத்தில் பின்வண்டியிலும் பிரேக் விழுவதால், தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்கூட நடுவில் இரண்டு மீட்டர் இருந்தால் போதும். ஆனால் எல்லா வண்டியும் ஒன்றுபோல நிற்காது. பிரேக் தேய்ந்த வண்டி தாமதமாக நிற்கும், இல்லாவிட்டால் ஒருபக்கம் இழுத்து யாரும் எதிர்பாராத இடத்தில் நிற்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் காலியிடம் விட்டாக வேண்டும். எத்தனை மீட்டர் என்பதுதான் கண்ணாடியில் இருக்கும் வெளி எண். காலியிடம் என்பது வேறு வண்டிகள் ஓடியிருக்கக்கூடிய இடம் என்பதால், மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வெளிக் கட்டணம் உண்டு. ஐம்பத்தெட்டுக்கான கட்டணம் தவமணியின் சம்பளத்தில் பாதியைத் தாண்டும்.

அதனால்தான் வண்டியின் விலை அவ்வளவு குறைவு. பழைய செல்போன் விலைக்கு வண்டியா என்று கேட்டுக்கொண்டேதான் மெக்கானிக் ரஃபீக் கீழே குனிந்தார். தவமணி தெருவிலேயே பட்டறை வைத்திருப்பவர். அவள் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பிரேக் டிஸ்கின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் வருடினார். தேய்ந்த டிஸ்க் என்றால் விளிம்பில் வரப்பு போல ஒரு மேடு நகத்தில் தட்டும், ஏனென்றால் பிரேக் பேட் உரசும் இடம் மட்டும் குழிந்து ஓரம் அப்படியே நின்றுவிடும். ரஃபீக் நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்தார். ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. பழசானால் டீத்தூள் தண்ணீர் மாதிரி கறுத்திருக்கும். பிறகு எழுந்து வந்து, வண்டிக்காரம்மாள் காதில் விழாத தூரத்துக்குத் தவமணியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"வண்டி புதுசும்மா. இதப்போயி யாரோ அம்பத்தெட்டுன்னு போட்டுவெச்சிருக்கான். மறுபடியும் அளந்தா மூணுதான் வரும். பேசாம வாங்கிடு."

"அந்தம்மாவுக்குத் தெரியாதுங்ளா பாய்?"

"தெரிஞ்சா இந்த வெலைக்கா விப்பாங்க? நீ வாயத் தொறக்காத."

வண்டிக்காரம்மாளின் பெயர் தேவநேசம். பாளையங்கோட்டையிலிருந்து வந்து கோயம்புத்தூரில் தபால் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். தவமணியிடம் அவர் பேட்டரியைப் பற்றியோ டயரைப் பற்றியோ பேசவில்லை. எந்தப் பக்கம் ஓட்டுவாய், எத்தனை மணிக்குக் கிளம்புவாய், கூட யார் வருவார்கள் என்றெல்லாம் விசாரித்தார். ரத்தம் எடுக்கிற வேலை என்றதும் சந்தோஷப்பட்ட மாதிரி தெரிந்தது. சொன்ன விலையிலும் இன்னும் கொஞ்சம் தானாகவே குறைத்தார். தவமணி தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் குறைந்த விலைக்கும் அவளுக்குக் கடன் வேண்டியிருந்தது. வண்டிக்கடன் கொடுப்பவர்கள் வெளி எண் பத்துக்கு மேல் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். கட்டணமே சம்பளத்தைத் தின்றுவிட்டால் தவணை எப்படி வரும் என்பது அவர்கள் கணக்கு. ரஃபீக் தன் பெயரில் உறுதி எழுதிக் கொடுத்ததால் ஏழு நாள் கெடு கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் பிரேக் சோதிக்கும் நிறுத்தத் தளத்தில் மறு அளவை செய்து புது எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வண்டி அவர்களுக்கு. தடம் வேறு யாருக்கோ.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தவமணி அன்னூர் சாலையில் ஏறினாள். ஏறியதும் சரம் பிளந்தது. முன்னால் இருந்த வண்டிகள் வேகம் பிடித்து விலகின, பின்னால் இருந்தவை தயங்கிப் பின்தங்கின. இருபுறமும் ஐம்பத்தெட்டு மீட்டருக்குத் தார்ச்சாலை மட்டும் இருந்தது. பக்கத்துத் தடத்தில் போனவர்கள் அவளைத் திட்டினார்கள். கண்ணாடிக்குள் திட்டுவதால் வாயசைவு மட்டும் தெரிந்தது.

சரத்தில் பழகியவர்களுக்கு வலது கால் ஓயாது. பிரேக்கை வலை பார்த்துக்கொண்டாலும், கண்ணுக்கு முன்னால் இரண்டு மீட்டரில் ஒரு வண்டியின் முதுகு இருக்கும்போது கால் சும்மா இருப்பதில்லை. இல்லாத மிதியை மிதித்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில்கூட உதைக்கும். டாக்டர்கள் இதற்குச் சரக்கால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இருப்பதால் அதற்கு யாரும் மருந்து கேட்பதில்லை. இதுவரை ஆய்வுக்கூட வண்டியில் போய்வந்த தவமணிக்குப் பதினோரு வருடமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கணேசபுரம் தாண்டும்போது குனிந்து பார்த்தாள். கால் அசையாமல் இருந்தது. யாருடையதோ என்பதுபோல அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. சரத்தில் வண்டிகள் நிமிடத்துக்கு நாற்பது முறை மெல்லியதாகப் பிரேக் பிடித்து விடும். உட்கார்ந்திருப்பவருக்கு அது உறைக்காது, குழாயில் இருக்கும் ரத்தத்துக்கு உறைக்கும். குலுங்கிக் குலுங்கிச் சிவப்பணுக்கள் உடைந்து, மேலே தெளிய வேண்டிய நீர் ரோஜா நிறமாகிவிடும். அந்த ரத்த மாதிரியை ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பும்; அதே நோயாளியை மறுபடி ஊசியால் குத்த வேண்டும். வாரத்துக்கு ஐந்தாறு திரும்பி வருவது வழக்கம். இந்த வாரம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எதில் கொண்டு வந்தாய் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் தவமணிக்கு நிம்மதி இல்லை. கால்தான் ஓய்ந்ததே தவிர, மனம் தேவநேசத்தின் மடக்கு நாற்காலியையே சுற்றிக்கொண்டிருந்தது. சரியான விலையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டால் வண்டி போய்விடும், சொல்லாவிட்டால் இது திருட்டு. வியாழக்கிழமை இரண்டு முறை போனை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை தேவநேசமே கூப்பிட்டார். மேட்டுப்பாளையத்தில் தங்கை இருக்கிறாள், நாளைக்கு ஒரு நடை கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் சாலையில் சரம் பிளந்து விலகியதும் தேவநேசம் கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். காரமடை தாண்டியது. தவமணி பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்ம்மா, உங்க வண்டி பிரேக்கு நல்லா இருக்குதுங். அளந்தா மூணுதானுங் வரும். வாங்கறப்பவே எனக்குத் தெரியுங்."

தேவநேசம் சிரித்தார். "எனக்குத் தெரியாதா? வருசா வருசம் பேடு மாத்துனது நாந்தானம்மா. சரத்துக்குள்ள போனா எனக்கு மூச்சு நின்னுபோவும். பின்னால வாரவன் கொட்டாவி விட்டா கடவாப்பல்லு தெரியுது, இதுல எங்கிட்டு மூச்சு விட? விதி வந்த புதுசுல, டாக்டர் சீட்டு காட்டுனா கூடுதலா வெளி குடுத்தாவ. ரெண்டு வருசத்துல நிறுத்திட்டாவ. எழுதுனவன் ஆளுக்குன்னு எழுதாம வண்டிக்குன்னு எழுதிட்டான். வண்டி கைமாறுனா வெளியும் சேந்து போவும். இந்த ஜில்லாவுல மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான்."

"அப்புறம் ஏனுங் வித்தீங்க?"

கட்டணம் வருடாவருடம் ஏறுகிறது, பென்ஷன் ஏறவில்லை என்றார். அளந்து மூன்றாக்கி முழு விலைக்கு விற்றிருக்கலாமே என்று தவமணி கேட்டாள். விற்றிருக்கலாம், ஆனால் வெளியை ஒருமுறை விட்டால் திரும்ப யாருக்கும் கிடைக்காது என்று அவர் சொன்னார். குறைத்த விலை சும்மா குறைத்தது அல்ல. வாங்குகிறவர் மூன்று வருடம் கட்டணம் கட்ட எவ்வளவு ஆகுமோ, அதைக் கணக்குப் பார்த்துக் கழித்திருந்தார்.

"வச்சிக்கிடுன்னு நான் கேக்கலம்மா. கேக்க வேண்டியத விலையிலேயே கேட்டாச்சு."

தவமணிக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருடக் கட்டணத்தை அந்தம்மாள் அவள் கையிலேயே கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ரொக்கம் வைத்திருப்பவன் ஐம்பத்தெட்டை வாங்க மாட்டான், ஐம்பத்தெட்டை வாங்குகிறவளிடம் ரொக்கம் இருக்காது என்பதை அவர் யோசிக்கவில்லை. கடனைப் பற்றியும் நாளைய கெடுவைப் பற்றியும் சொல்லத் தவமணி வாயெடுத்தாள். தேவநேசம் கையை வெளியே நீட்டிக் காற்றை அளைந்துகொண்டிருந்தார். சொல்லாமலே மேட்டுப்பாளையம் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று மட்டும் இறங்கும்போது கேட்டாள். கட்ட முடிந்தால் நான் ஏன் விற்கப்போகிறேன் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு நிறுத்தத் தளத்தில் வரிசை நீளமாக இருந்தது. தளம் என்பது முந்நூறு மீட்டர் சொரசொரப்பான கான்கிரீட். வண்டி தொண்ணூறு வேகம் பிடித்து வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் வலை பிரேக்கை முழுசாக அழுத்தும். நின்ற தூரத்தைத் தரையில் புதைத்த உணரிகள் அளக்கும். மூன்று முறை அளந்து, அதில் மோசமானதை எடுத்துக்கொள்வார்கள். சாம்பல் வண்டி மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

அளவையாளர் திரையைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். கூடுதல் வெளி உரிமை இதில் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம், விட்டால் திரும்ப வராது என்று விளக்கினார். வைத்துக்கொண்டால் கண்ணாடியில் ஐம்பத்தெட்டே தொடரும். மணி மூன்று பத்து. கடன்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டாலும் முதல் வேலையாக இதே தளத்துக்குத்தான் கொண்டுவருவார்கள் என்று தவமணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்தும் அது எந்த விதத்திலும் உதவவில்லை. கட்டைவிரலைத் திரையில் வைத்தாள்.

திரும்பும்போது பெருஞ்சாலையில் ஏறியதும் வலை அவளுடைய புது எண்ணைப் படித்தது. பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு வெள்ளை வண்டி சாய்ந்து முன்னால் புகுந்தது. அதன் பின்னால் இன்னொன்று, பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு வண்டி, அதற்குப் பின்னால் இரண்டு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இருபுறமும் வெளி நிரம்பிவிட்டது. முன்வண்டியின் பின்சீட்டில் ஒரு குழந்தை இவளைப் பார்த்து நாக்கை நீட்டியது.

தேவநேசம் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறும் தங்கை வரச் சொல்கிறாள், தோதுப்படுமா என்று கேட்டார்.

"முடிஞ்சு போச்சுங்ம்மா," என்றாள் தவமணி. கடனை, கெடுவை, தளத்தை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றாள்.

"அந்த வெளிக்குள்ள எத்தன வண்டி வந்துச்சு?" என்று தேவநேசம் கேட்டார்.

தவமணி எண்ணியிருந்தாள். "பதினஞ்சுங்."

"பதினஞ்சா," என்றார் அவர். "அவ்வளவு பெரிசாவா இருந்துச்சு?"