ஒவ்வொரு வாரமும் வேறொருவர்

ஆறாம் வகுப்புப் படிக்கும் வுக்கின் அப்பா பள்ளி வாசலுக்கு வரும்போது இரண்டு முழங்காலிலும் கறுப்புப் பட்டை கட்டியிருப்பார். காற்சட்டை முழுக்க வெள்ளைத் தூசி படிந்திருக்கும்.

பிப்ரவரி மாதம் ஒருநாள் வகுப்புத் தோழன் தனேஷ் கேட்டான். "டேய், உங்கப்பா ஏன் எப்பவும் அதை மாட்டிக்கிட்டுத் திரியறாரு? வீட்டுல தவழ்ந்துதான் போவாரா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

வுக்கின் அப்பா ஸ்லாவ்கோ, ஆஸ்திரேலியாவின் கிரான்பர்னில் புதிதாக எழும்பும் வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் பதிப்பவர். நாள் முழுக்க மண்டியிட்டு வேலை செய்பவருக்கு அந்தப் பட்டை இல்லாமல் முடியாது. வுக் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது உண்மை அவ்வளவு சீக்கிரம் வாய்க்கு வருவதில்லை.

"அது வாலிபால் பட்டை," என்றான் வுக். "எங்கப்பா செர்பியாவுல பெரிய ப்ளேயர். செவெர் க்ளப்புக்கு ஆடினவர். கோப்பை ஃபைனல்ல கடைசிப் பாயின்ட் எடுத்ததே அவர்தான்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

பக்கத்தில் ஹரிப்பிரியா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். வுக்கின் காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆனதை அவள் மட்டும்தான் பார்த்தாள். பொதுவாகவே அவள் ஒன்றும் சொல்லாத பெண்.

ஆகஸ்ட் வருவதற்குள் அந்தக் கடைசிப் பாயின்ட் ஊதிப் பெரிதாகிவிட்டது. ஸ்லாவ்கோ கூரை உயரம் எகிறி அடித்தார் என்றார்கள். பந்து கிழிந்துபோனது என்றுகூட ஒருவன் சொன்னான். வகுப்பாசிரியை மிஸ் பார்ட்லெட் காதுக்கும் கதை எட்டியது. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒரு பெற்றோர் ஆறாம் வகுப்புக்கு வந்து பேசுவது வழக்கம். "இந்த வெள்ளிக்கிழமை ஸ்லாவ்கோ" என்று பலகையில் எழுதிவிட்டார் மிஸ்.

விருந்தினரை வரவேற்கும் சுவரொட்டி தயாரிப்பது ஹரிப்பிரியாவின் வேலை. புதன்கிழமை மதியம் நூலகக் கணினியில் செவெர் க்ளப்பின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். டான்யூப் ஆற்றங்கரையில் சின்ன ஊர். சிவப்புப் பனியன். 'குறிப்பிடத்தக்க வீரர்கள்' என்ற தலைப்பின் கீழ் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. ஒருவர் நாட்டு அணிக்கு ஆடியவர். இருவர் இத்தாலிக்குப் போனவர்கள்.

ஸ்லாவ்கோவின் பெயர் இல்லை.

மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். கோப்பை வென்ற வருடத்துப் படம் ஒன்று இருந்தது. பின்வரிசையின் ஓரத்தில் ஒல்லியாக ஒருவர். வுக்கின் கண்கள் அப்படியே அவருக்கு இருந்தன. கீழே ஃபைனலில் ஆடியவர்களின் பெயர்களும் பாயின்ட்டுகளும் இருந்தன. அந்த ஒல்லி மனிதர் அதிலும் இல்லை.

அவள் கணினியை மூடினாள். எழுந்து வுக்கைத் தேடிப் போனாள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வுக் தனியாக நின்றிருந்தான்.

"க்ளப் பக்கத்தைப் பார்த்தேன்," என்றாள் ஹரிப்பிரியா.

வுக் குழாயைத் திறந்தான். குடிக்கவில்லை. தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது.

"ஆறு வருஷம் அந்த க்ளப்ல இருந்தாரு," என்றான் கடைசியில். "ஒரு மேட்ச்லகூட இறக்கல. பெஞ்சுதான். யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"இல்ல."

"தனேஷ்கிட்ட?"

"இல்லன்னு சொன்னேனே."

"நான் வெள்ளிக்கிழமை லீவு போட்டுடறேன். வயித்துவலின்னு."

"நீ வரலன்னாலும் உங்கப்பா வருவாரே. தனேஷ் கேப்பானே."

வுக் குழாயை மூடினான். "அப்போ அப்பாகிட்ட, கூட்டம் கிடையாதுன்னு சொல்லிடறேன்."

அன்று மாலை இருவரும் சேர்ந்தே வுக்கின் வீட்டுக்குப் போனார்கள். சமையலறையில் ஸ்லாவ்கோ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு பழைய சிவப்புப் பனியன் மடித்து வைத்திருந்தது. முதுகில் எண் பதினான்கு.

"வா, வா!" என்றார். அவருடைய ஆங்கிலம் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். "பாரு, ஸ்கூல்லேர்ந்து கடிதம். பத்து வருஷம் ஆச்சு ஆஸ்திரேலியா வந்து. டைல்ஸ் பத்தித்தான் எல்லாரும் கேப்பாங்க. முதல் தடவை வாலிபால் பத்திக் கேக்கறாங்க!"

கூட்டம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்த வுக், அப்படியே நின்றுவிட்டான்.

வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை வெட்டி இருவருக்கும் கொடுத்தார் ஸ்லாவ்கோ. ஹரிப்பிரியா ஒரு துண்டை மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், க்ளப்ல நீங்க என்ன வேலை பண்ணினீங்க?"

எத்தனை பாயின்ட் எடுத்தீர்கள் என்று அவள் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ. இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சனிக்கிழமை மேட்ச். திங்கள்கிழமையிலேர்ந்து நான் எதிரி."

"எதிரியா?"

"அடுத்து யார்கூட ஆடறோம்? அவங்கள்ல பெரிய ஆள் யாரு? அவன் எப்படி சர்வ் போடறான்? வீடியோல முப்பது தடவை பார்ப்பேன். அப்புறம் அவனை மாதிரியே போடுவேன். நம்ம ஆளுங்க அதை எடுத்துப் பழகணும் இல்லையா? ஒரு வாரம் நான் இடதுகைக்காரன். ஒரு வாரம் நொண்டி நொண்டி ஓடிவந்து அடிக்கறவன். ஒவ்வொரு வாரமும் நான் வேற ஒருத்தன்."

"அப்போ நீங்க நீங்களா இருந்தது எப்போ?"

ஸ்லாவ்கோ யோசித்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை," என்றார்.

ஹரிப்பிரியா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள். அவரே முதலில் சிரித்தார். பிறகு பனியனுக்கு அடியிலிருந்து பழைய அணிப் படம் ஒன்றை எடுத்துக் காட்டி ஒவ்வொருவராகச் சொன்னார். நெட்டையாக நிற்பவர் நெபோய்ஷா, பந்துக்கு அஞ்சாதவர், பூனைக்கு அஞ்சுவார். மீசைக்காரர் டேயான், மேட்சுக்கு முன் ஒரு ஆப்பிள் தின்னாமல் களத்தில் கால் வைக்க மாட்டார். இருவருமே அந்தப் பதினெட்டுப் பேரில் இருக்கிறார்கள் என்பது ஹரிப்பிரியாவுக்குத் தெரியும்.

"இதெல்லாம் நீங்க எனக்குச் சொன்னதே இல்லையே," என்றான் வுக்.

"நீ கேட்டதே இல்லையே," என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வுக்குக்குத் தலை நிமிர முடியவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது ஹரிப்பிரியா அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மா, டீம்ல இருந்துட்டு ஒரு மேட்ச்கூட ஆடலன்னா அவங்க ப்ளேயரா?"

அம்மா ஷாமளா மருத்துவமனையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த நர்ஸ். "எனக்குக் கிரிக்கெட்டே புரியாது. இதுல உனக்கு எங்கேர்ந்துடி இப்படிக் கேள்வி வருது? ரசம் ஊத்தட்டுமா?"

"ஊத்து."

ரசத்தைப் பிசைந்துகொண்டே அவள் யோசித்தாள். ஸ்லாவ்கோ அங்கிளுக்குப் பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். வகுப்பில் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் அவர் திணறுவார். கையில் பந்து இருந்தால்?

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே மிஸ் பார்ட்லெட்டின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், நாளைக்கு வகுப்புல வேண்டாம். ஹால்ல வச்சுக்கலாமா? வலையும் கட்டணும்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஹரி, இந்த வருஷத்துல நீ என்கிட்ட சேர்ந்தாப்புல பேசின மூணு வாக்கியம் இதுதான். சரி, வச்சுக்கலாம்."

வுக்கிடம் அவள் ஒன்றுதான் சொன்னாள். "உண்மையைச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் வாயிலேர்ந்து வராது."

வெள்ளிக்கிழமை ஹாலில் இருபத்தாறு பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்லாவ்கோ வலைக்கு முன் நின்றார். பனியனை நெஞ்சோடு பிடித்திருந்தார். பெரிய பெரிய வீடுகளின் தரையைச் சமமாக்கியவர், இருபத்தாறு பிள்ளைகளுக்கு முன் சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி நின்றார்.

ஹரிப்பிரியா கேள்வி கேட்கக் கையைத் தூக்குவதற்குள் தனேஷ் எழுந்தேவிட்டான்.

"அங்கிள்! ஃபைனல்ல அந்தக் கடைசிப் பாயின்ட் எப்படி எடுத்தீங்க? நிஜமாவே பந்து கிழிஞ்சுதா?"

"நானா?" என்றார் ஸ்லாவ்கோ. சிரித்துக்கொண்டே மகனைப் பார்த்தார். மகனின் சிவந்த காதுகளைப் பார்த்தார்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது.

ஸ்லாவ்கோ வாயைத் திறந்தார். மகனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. இல்லாததைச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

வுக் எழுந்து நின்றான்.

"அவர் எடுக்கல," என்றான். குரல் பிசிறியது. "நான்தான் பொய் சொன்னேன். அப்பா ஒரு மேட்ச்லகூட இறங்கினதில்ல. அவருக்கு இது தெரியாது. நான் சொன்னது."

"ஒண்ணுலகூடவா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "அப்போ சும்மா பெஞ்சா?" என்றது இன்னொரு குரல். மிஸ் பார்ட்லெட் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அதற்குள் ஹரிப்பிரியா பந்தை எடுத்துவிட்டாள். இத்தனை பேருக்கு முன் அவள் குரல் எழுப்பியதே கிடையாது.

"தனேஷ், ஒரு சர்வ் போடு."

"நானா? எதுக்கு?"

"போடேன். அங்கிள், இவனைப் பாருங்க."

தனேஷ் காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். பந்தை இரண்டு தடவை தட்டினான். நாக்கைக் கடைவாய்ப் பக்கம் நீட்டிக்கொண்டு அடித்தான். பந்து வலைக்கு அந்தப்புறம் இடது மூலையில் விழுந்தது.

ஸ்லாவ்கோ தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னொண்ணு," என்றார். தனேஷ் இன்னொன்றும் போட்டான்.

பிறகு ஸ்லாவ்கோ பனியனை வுக்கின் கையில் கொடுத்துவிட்டுப் பந்தை வாங்கினார். அவருடைய தோள் இரண்டும் சுருங்கின. காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பந்தை இரண்டு தடவை தட்டினார். நாக்கு கடைவாய்ப் பக்கம் வந்தது. அங்கே நின்றது ஆறடி உயரத்தில் இன்னொரு தனேஷ். பந்து பறந்துபோய் இடது மூலையில் விழுந்தது.

ஹால் அதிர்ந்தது.

"நான் நாக்கை நீட்டறதே இல்ல!" என்று கத்தினான் தனேஷ்.

"நீட்டற!" என்றன இருபது குரல்கள்.

"இதுதான் அங்கிளோட வேலை," என்றாள் ஹரிப்பிரியா. "அடுத்த மேட்ச்ல எதிர்ல வரப்போற ஆள் மாதிரி தினமும் போட்டுக் காட்டுவாரு. ஆறு வருஷம்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தனேஷ் இன்னும் நின்றுகொண்டிருந்தான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "அப்போ ஃபைனல் அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பெஞ்சுல," என்றார் ஸ்லாவ்கோ. "கண்ணை மூடிக்கிட்டு."

"மூடிக்கிட்டா? ஏன்?"

"அவங்க ஆள் சர்வ் போடறான். அந்த வாரம் பூரா நான்தான் அவன். தினம் இருநூறு பந்து, நெபோய்ஷாவுக்கு. அந்தப் பந்து எங்க வரும்னு எனக்குத் தெரியும். நெபோய்ஷாவுக்கும் தெரியும். சத்தம் கேட்டேன். நெபோய்ஷா எடுத்தான், 'டப்'. மெதுவா, சரியா எடுத்தான். அப்புறம் டேயான் அடிச்சான். அப்புறம்தான் கண்ணைத் திறந்தேன். எல்லாரும் என்மேல விழுந்துட்டாங்க. மூச்சு முட்டிப்போச்சு."

பிள்ளைகள் எழுந்து வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. ஒவ்வொருவராக சர்வ் போட, ஸ்லாவ்கோ ஒவ்வொருவராக மாறினார். மிஸ் பார்ட்லெட்கூட ஒன்று போட்டார். கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு அவர் அடித்ததை ஸ்லாவ்கோ தன் மூக்கில் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு அடித்தார்.

வரிசையின் கடைசியில் வுக் நின்றிருந்தான். பனியன் இன்னும் அவன் கையில் இருந்தது.

"அப்பா, நான்..."

"முதல்ல சர்வ்," என்றார் ஸ்லாவ்கோ.

வுக் பனியனை ஹரிப்பிரியாவிடம் கொடுத்தான். பந்தை உயரத் தூக்கிப் போட்டு அடித்தான். பந்து வலையில் மோதித் தரையில் உருண்டது. யாரோ "ச்சே" என்றார்கள்.

ஸ்லாவ்கோ வந்து அவன் நின்ற இடத்திலேயே நின்றார். பந்தை அதே உயரத்துக்குத் தூக்கிப் போட்டார். அடித்தார். அவருடைய பந்தும் வலையில், அதே கண்ணியில் மோதித் தரையில் உருண்டது.

வுக் அப்பாவைப் பார்த்தான். அவர் பந்தை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார்.

இந்த முறை வுக் அவசரப்படவில்லை. பந்து வலைக்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் நழுவி, அந்தப் பக்கத் தரையில் விழுந்தது.

இப்போது ஸ்லாவ்கோவின் முறை. ஹாலில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வுக் மட்டும் கண்களை மூடிக்கொண்டான்.